சேபனா, ஸ்னைடரா? வசதியைக் கழித்துப் பார்த்தால்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து அல்ல) இருவரில் சிறந்த பயிற்சியாளர் யார் என்று கோப்பையை மட்டும் எண்ணினால் பேச்சே இல்லை: அலபாமா பல்கலைக்கழகத்தில் நிக் சேபனுக்கு 6 தேசியப் பட்டங்கள், கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பில் ஸ்னைடருக்கு ஒன்றுமில்லை.

தொடக்கம்:
சேபன், 2007: பழம்பெருமையும் பணமும் உள்ள அணி. ஆனால் பணம் மட்டும் போதாது. முந்தைய பருவத்தில் அதே அணி களத்தில் 6 வெற்றி, 7 தோல்வி.
ஸ்னைடர், 1989: முந்தைய இரு பருவங்களில் ஒரு வெற்றிகூட இல்லை.

ஆள்சேர்ப்பு:
சேபனுக்கு நாட்டின் முதல்தரப் பள்ளி வீரர்கள்.
ஸ்னைடருக்குப் பெரிய அணிகள் ஒதுக்கியவர்கள், இரண்டாண்டுக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களை வைத்தே 2003இல் ஒக்லஹோமாவை 35-7 என வீழ்த்தி தன் லீக்கான பிக் 12இன் பட்டம். (லீக்குக்கு வெளியே எளிய எதிரணிகளாகப் பார்த்து ஆடியதையும் கழிக்க வேண்டும்.)

அடிமட்ட அணியைத் தூக்கி நிறுத்த ஸ்னைடர் வகை. எல்லாம் இருந்தும் பட்டம் வராத இடத்துக்குச் சேபன் வகை.