ஜூலையில் இலங்கைத் தென்கரைக்கு சர்ஃபிங் பேக்கேஜ் விற்கிறார்களா? உஷார்!

இலங்கைக்கு சர்ஃபிங் போகத் திட்டம் போடுகிறவர்கள், முக்கியமாக மே முதல் செப்டம்பருக்குள் கிளம்புகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். தென்கரைப் பக்கம் இருக்கிற ஹிக்கடுவையில் தங்கி அலைச்சறுக்கு என்று ஒரு பயண ஏஜென்சி எங்களுக்கு ஜூலை மாதத்துக்கு ஒரு பேக்கேஜை விற்றது. தங்குமிடம், போர்டு வாடகை, பயிற்சியாளர் எல்லாவற்றுக்கும் சேர்த்து முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். "அந்த மாதம் சீசன் எப்படி?" என்று கேட்டதற்கு வந்த பதில் இன்னும் என் போனில் இருக்கிறது: "வருஷம் பூரா அலைதான் சார், ஜூலையில்தான் பெரிய அலையே வரும்."

இதில் பாதி உண்மை, அதனால்தான் ஆத்திரம் இன்னும் அதிகமாகிறது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் உருவாகும் புயல்கள் கிளப்பிவிடும் ஸ்வெல், அதாவது தூரத்திலிருந்து வரிசையாக வரும் அலைத்தொடர், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் இந்தப் பக்கம் வலுவாக வரும், சரி. ஆனால் அதே மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஹிக்கடுவை, மிதிகம, மிரிஸ்ஸ பக்கமெல்லாம் கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும். அலை நிமிர்வதற்குள் காற்று பின்னாலிருந்து தள்ளி உடைத்துவிடும். சறுக்குவதற்குச் சரிவே கிடைக்காது, வெறும் நுரைதான்.

போய் இறங்கினால் கரையில் சிவப்புக் கொடி, மழைத்தண்ணீர் கலந்து பழுப்பாகிப்போன கடல், பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கியிருக்கிறது. பயிற்சியாளர் எங்களோடு தண்ணீர் ஓரம் வரை வந்தார், பாறைத்திட்டின் மேல் அலைகள் குறுக்கும் நெடுக்குமாக மோதி உடைவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், "இன்றைக்கு வேண்டாம்" என்று போர்டை மறுபடி சாய்த்து வைத்துவிட்டார். மறுநாளும் அதே கதை. அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அந்தக் கடலில் எங்களை இறக்காமல் விட்டதற்கு நன்றிதான் சொல்லணும். ஏஜென்சி அனுப்பியிருந்த படத்தை அவரிடம் காட்டினேன். கண்ணாடி மாதிரி கடல், அழகான அலை. பார்த்ததுமே "இது ஜனவரி" என்றார். ஏப்ரல் முடிந்ததும் இங்கே சர்ஃபிங் சொல்லித்தருகிற பலர் கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள் என்றும் அவர்தான் சொன்னார். பொத்துவில் பக்கத்தில் இருக்கிற அறுகம் குடா. இதே பருவக்காற்று அங்கே தரையைத் தாண்டி வந்து கடலை நோக்கி வீசுகிறது, அதனால் அலை கலையாமல் நீளமாக ஓடும். நவம்பர் வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எல்லாம் தலைகீழ்: கிழக்கு ஓய்ந்துவிடும், ஏப்ரல் வரை தென்கரைக்குத்தான் நல்ல காலம்.

அப்படியென்றால் எங்களை அறுகம் குடாவுக்கு மாற்றுங்கள் என்று ஏஜென்சியிடம் கேட்டோம். புதிதாகப் பணம் கட்டச் சொன்னார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால் "இயற்கைச் சீற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று ஒரு வரி. வருஷா வருஷம் அதே மாதத்தில் வருகிற பருவக்காற்று எப்படி இயற்கைச் சீற்றம் ஆகும்? இது தெரியாமல் ஒருவர் அந்தக் கரையில் சர்ஃபிங் பேக்கேஜ் விற்க முடியாது, தெரிந்தேதான் விற்றிருக்கிறார்கள்.

எனவே தீவின் பெயரை மட்டும் சொல்லி "எப்போதும் சீசன்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எந்தக் கரை, நீங்கள் போகிற மாதத்தில் அங்கே காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். போன வருஷம் அதே மாதம் எடுத்த வீடியோவைக் கேளுங்கள், மழுப்பினால் விலகிவிடுங்கள். பாலியிலும் இதே கணக்குதான்: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை உளுவத்து, பிங்கின் இருக்கிற மேற்குப் பக்கம், மழைக்காலத்தில் நுசா துவா, கேரமாஸ் இருக்கிற கிழக்குப் பக்கம். அலை முன்னறிவிப்பு பார்க்கும்போது உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டு அலைகளுக்கு நடுவே 12 விநாடிக்கு மேல் இடைவெளி இருந்தால் அது தூரத்திலிருந்து வருகிற நல்ல ஸ்வெல். 6, 7 விநாடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிவிட்ட கலங்கல்தான்.

வாட்ஸ்அப் உரையாடல், ரசீது, அந்த ஜனவரிப் படம், சிவப்புக் கொடியோடு நாங்கள் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறோம். இதே மாதிரி மாட்டியவர்கள் எந்த உரையாடலையும் அழித்துவிடாதீர்கள். முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன்.