நெய்வேலி, கூடங்குளம், கமுதி, ஆரல்வாய்மொழி: எந்த மின்சாரம் ஊரை வாழவிடுகிறது?

மின் உற்பத்தியை எடைபோடும்போது நம் கண் நேரே புகைபோக்கிக்குத்தான் போகிறது. நான் கேட்பது வேறு கேள்வி: ஆலை வந்த பிறகு அக்கம்பக்கத்து ஆட்கள் பழைய பிழைப்பைத் தொடர முடிகிறதா?

நெய்வேலியில் முடியாது. பழுப்பு நிலக்கரி எடுக்க மேல்மண் முழுவதையும் வாரிக் கொட்ட வேண்டும். அதன் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர் சுரங்கத்துக்குள் பீறிடாமலிருக்க, இரவும் பகலும் மோட்டார் இறைக்கிறது. சுற்றுவட்டாரத்தில் நீர்மட்டம் இறங்கிவிட்டது என்று விவசாயிகள் புலம்புவது இதனால்தான். 2023 ஜூலையில் சுரங்கத்தை ஒட்டிய வளையமாதேவி கிராமத்தில் பச்சை நெற்பயிருக்குள் சுரங்க நிறுவனமான என்.எல்.சி.யின் இயந்திரங்கள் இறங்கி வாய்க்கால் வெட்டின. நிலம் எப்போதோ கையகப்படுத்தியதுதான் என்றது நிர்வாகம். காகிதத்தில் சரி, ஆனால் அறுவடை வரை பொறுத்திருக்கலாமே? இத்தனைக்கும் அந்தக் கரியின் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். எரித்தால் ஒரு யூனிட்டுக்குச் சாதாரண நிலக்கரியைவிட அதிகக் கரியமில வாயு வரும்.

கூடங்குளத்தில் புகையே இல்லை. இரண்டு உலைகள், 2,000 மெகாவாட், மழையோ வெயிலோ ஓடும். கரியமிலக் கணக்கு மட்டும் பார்த்தால் இதற்கே முதல் பரிசு. ஆனால் இடிந்தகரை மீனவர்கள் பயந்தது புகைக்கு இல்லை. உலையைக் குளிர்வித்த வெந்நீர் கடலில் கலந்தால் மீன் என்னாகும், புகுஷிமா மாதிரி ஒன்று நடந்தால் எங்கே ஓடுவது, எரிந்து முடிந்த எரிபொருளை எத்தனை தலைமுறை காப்பது? 2011-இல் அவர்கள் கேட்டதற்குப் பதிலாக ஆயிரக்கணக்கானோர் மேல் வழக்குகள்தான் வந்தன, தேசத்துரோகப் பிரிவு உட்பட.

சூரியன் சுத்தம் என்பார்கள். கமுதியில் 2016-இல் வந்த சூரியப் பண்ணை 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர். இரவையும் மேகத்தையும் கழித்தால் சராசரியாகக் கிடைப்பது அந்த 648-இல் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். "சீமைக்கருவேலம் மண்டின பொட்டல்தானே" என்று சொல்வது சுலபம். ராமநாதபுரம் பக்கம் அந்த மாதிரிப் பொட்டல்தான் ஆடு மேய்ப்பவருக்கு மேய்ச்சல் நிலம். வேலி போட்டால் ஆட்டுக்கு வழியில்லை. கட்டும்போது கிடைத்த கூலி வேலையும் கட்டி முடித்ததும் போய்விடும். நிலத்தை முழுசாக விழுங்குவதில் சூரியப் பண்ணை சுரங்கத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஒரு வித்தியாசம், பேனலைக் கழற்றிவிட்டால் மண் அங்கேயே இருக்கும். வீட்டு மாடியில் வைத்தாலோ இந்தத் தகராறே கிடையாது.

என் ஓட்டு ஆரல்வாய்மொழிக்கு. கணவாய் வழியே பாயும் தென்மேற்குக் காற்றுக்குப் பக்கத்து முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகள் காலடியில் பிடிப்பது கொஞ்ச இடம்தான். நடுவில் உழலாம், மாடு மேய்க்கலாம். இரைச்சல் உண்டு, பறவைகள் இறக்கையில் அடிபடுவதும் உண்டு. ஆனாலும் ஊர் ஊராகவே இருக்கிறது.

சிக்கல் காற்றில்தான். சீசன் மே கடைசியில் சூடுபிடித்து செப்டம்பரில் இறங்கிவிடும். நமக்கோ ஏப்ரலிலேயே ஏசி ஓட ஆரம்பித்துவிடுகிறது. அந்த மாதத்தில் மாலை ஏழு மணிக்குச் சூரியன் இல்லை, காற்றும் பேருக்குத்தான். அந்த நேரத்துக்காகத்தான் நீலகிரியில் குந்தா நீரேற்று மின்திட்டம்: மிஞ்சிய மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி 500 மெகாவாட் எடுப்பது. அப்படிச் சேமிக்க வழியில்லாத மாலைகளில் நம் ஏசியை ஓட்டுவது நெய்வேலி மாதிரிக் கரிதான்.