செல்சி வழியா, ஆர்சனல் வழியா?

தோற்றால் பயிற்சியாளரை மாற்றுவதா, பொறுத்துப் பார்ப்பதா? லண்டன் அணிகளில் முதல் வழி செல்சி உடையது, இரண்டாவது ஆர்சனல் உடையது. இங்கிலாந்து கால்பந்து ரசிகர்கள் இந்த விஷயத்தில் எப்போதும் இரண்டு கட்சிதான்.

கோப்பை
செல்சி: 2003-ல் ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச் வாங்கியபின் 5 பிரீமியர் லீக் (இங்கிலாந்தின் முதல்நிலை லீக்), 2 சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய அணிகளுக்கான கோப்பை). 2012 மார்ச்சில் பயிற்சியாளர் வில்லாஸ்-போவாஸை நீக்கினார்கள். சாம்பியன்ஸ் லீக்கின் இரு ஆட்டச் சுற்றில் இத்தாலியின் நாப்போலியிடம் முதல் ஆட்டத்தில் 3-1 எனத் தோற்றிருந்த அணி, துணைப் பயிற்சியாளர் டி மாட்டியோ பொறுப்பேற்றதும் மறு ஆட்டத்தை 4-1 என வென்றது. மே மாதம் மியூனிக்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் ட்ரோக்பாவின் கடைசி பெனால்டியில் கோப்பையும் வந்தது. அந்த டி மாட்டியோவையே நவம்பரில் நீக்கினார்கள். எனக்கு இன்றும் அது நியாயமாகப் படவில்லை.
ஆர்சனல்: 2020-ல் எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டி), பிறகு நெடுங்காலக் காத்திருப்பு.

செலவு
செல்சி: வில்லாஸ்-போவாஸைப் போர்ச்சுகல் அணி போர்ட்டோவிடமிருந்து எடுக்கவே 1.5 கோடி யூரோ.
ஆர்சனல்: பயிற்சியாளரை அடிக்கடி மாற்றாததால் அந்தத் தொல்லை குறைவு.

நிலைத்தன்மை
ஆர்சனல்: 2021 ஆகஸ்டில் முதல் 3 ஆட்டமும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை, பட்டியலில் கடைசி. உரிமையாளர்கள் பயிற்சியாளர் ஆர்டெட்டாவைத் தொடவில்லை. இளம் வீரர்கள் சாக்கா, ஓடகார்டைச் சுற்றி அணி வளர்ந்தது. 2023 முதல் 2025 வரை பிரீமியர் லீக்கில் தொடர்ந்து இரண்டாம் இடம்.
செல்சி: செக், டெர்ரி, லாம்பார்ட் போன்ற மூத்த வீரர்கள் இருந்தவரை யார் வந்தாலும் வண்டி ஓடியது. புதிய உரிமையாளர்கள் 2022-23 சீசனில் டூகல், பாட்டர் என்ற இரு பயிற்சியாளர்களையும் நீக்கினார்கள். கிடைத்தது 12-ஆம் இடம்.

அனுபவசாலிகள் நிறைந்த அணிக்கு உடனே கோப்பை வேண்டுமென்றால் மாற்றிப் பார்க்கலாம். இளைஞர்களை வைத்து அணி கட்டும் உரிமையாளர் மூன்று சீசனாவது பயிற்சியாளர் மேல் கை வைக்கக் கூடாது.