சீனிக்கிழங்கு: குக்கரா, இட்லிச் சட்டியா, தணலா?

பொங்கல் நெருங்கினால் திருநெல்வேலி, தூத்துக்குடிச் சந்தைகளில் பனங்கிழங்கும் சிறுகிழங்கும் குவிந்து கிடக்கும். அவற்றுக்குப் பக்கத்திலேயே மண் ஒட்டிய சிவப்புத் தோலோடு சீனிக்கிழங்கும் இருக்கும். எங்கள் பக்கம் சீனிக்கிழங்கு, சென்னையில் சர்க்கரைவள்ளி, யாழ்ப்பாணத்தில் வத்தாளங்கிழங்கு. பெயர் எதுவானாலும் வீட்டுக்கு வந்ததும் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: துண்டு போட்டு, குக்கரில் தண்ணீர் ஊற்றி, மூன்று விசில். தின்று பார்த்துவிட்டு, "இந்தத் தடவை கிழங்கு சப்புன்னு இருக்கு" என்று கடைக்காரர்மேல் பழி போடுவோம். பல நேரம் தப்பு கிழங்கில் இல்லை, அடுப்பில்தான் இருக்கிறது.

சீனிக்கிழங்கின் இனிப்பில் பெரும்பங்கு வேகும்போதுதான் உண்டாகிறது. அதிலுள்ள பீட்டா அமைலேஸ் என்ற நொதி, மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றுகிறது. மாவு இளக வேண்டும், நொதியும் செத்துவிடக் கூடாது. இரண்டும் கூடிவருவது ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை. அந்தச் சூட்டில் கிழங்கு எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு இனிப்பு ஏறும். குக்கர் இந்த இடைவெளியைச் சில நிமிடங்களில் தாண்டி 100 டிகிரிக்கு மேலே போய்விடுகிறது. துண்டு போட்டிருந்தால் சூடு இன்னும் சீக்கிரம் உள்ளே இறங்கும். வந்த கொஞ்ச இனிப்பும் தண்ணீரில் கரைந்து சிங்குக்குப் போகும்.

ஒரே கடையில் வாங்கிய ஒரே அளவுக் கிழங்குகளைப் பிரித்து மூன்று வழியிலும் வேகவைத்துப் பார்த்தேன். குக்கர் கிழங்கு பத்து நிமிடத்தில் வெந்தது. ஈரம் கோத்து, ஓரம் கரைந்து, வாயில் வெறும் மாவாக இருந்தது. இட்லிச் சட்டியில் முழுசாக, தோலோடு, தட்டின்மேல் வைத்தது அரை மணி நேரம் எடுத்தது. தண்ணீர் படாததால் கட்டுக்கோப்பாக, குக்கரைவிடத் தெளிவாக இனித்தது. மூன்றாவதைக் கனமான இரும்புச் சட்டியில் துளித் தண்ணீர்கூட விடாமல் போட்டு, மூடி, சிம்மில் வைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டிவிட, முக்கால் மணி நேரம் ஆனது. தோல் சுருங்கி, அடியில் பாகு கசிந்து கருகிய வாசம் வந்தது. தோலை உரித்ததும் ஆச்சி வீட்டு விறகடுப்பு நினைவுக்கு வந்துவிட்டது. சோறு வடித்து முடித்த தணலில் கிழங்கைப் புதைத்துவிட்டு, சாயங்காலம் பள்ளிவிட்டு வரும் எங்களுக்காகச் சாம்பலைத் தட்டி எடுத்து வைப்பாள். அந்த ருசிக்கு வீட்டில் எட்டக்கூடிய தூரம் இந்த இரும்புச் சட்டிதான்.

ஆனால் தினசரிப் பழக்கத்துக்கு நான் இட்லிச் சட்டியையே சொல்வேன். முக்கால் மணி நேரம் கேஸ் எரிப்பது எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. ஒரு விதிவிலக்கு உண்டு: சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சுட்ட கிழங்கைவிட நீரில் அவித்த கிழங்கு ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் ருசியை விட்டுக்கொடுப்பதே சரி, அளவும் குறைவாக இருக்கட்டும்.

அடுத்து எண்ணெய்ப் பலகாரம். சிப்ஸ் என்றால் எல்லாருக்கும் ஆசை, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உருளைக்கிழங்கைவிட இதில் சர்க்கரை அதிகம் என்பதால், ஈரம் போய் மொறுமொறுப்பாகும் முன்பே நிறம் கருத்துவிடும். தீயைக் குறைத்தால் எண்ணெய் குடிக்கும். மெல்லிசாகச் சீவி, தண்ணீரில் அலசி, துணியில் நன்றாக ஒற்றி, மிதமான தீயில் பொன்னிறம் வருமுன் எடுத்தால் ஓரளவு தேறும். அதுவும் அன்றே தின்று தீர்க்க வேண்டும், மறுநாள் தோல்போல இழுபடும். இதற்குப் படுகிற பாட்டுக்குப் பஜ்ஜி போடலாம். கடலைமாவுக் கவசத்துக்குள் கிழங்கு தன் ஈரத்திலேயே வெந்துவிடுகிறது, கருகுவதில்லை. மாவில் மிளகாய்த்தூளும் ஓமமும் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் உள்ளே உள்ள இனிப்பு எடுத்துக்காட்டும். வாழைக்காய் பஜ்ஜிக்குச் சீவுவதைவிட ஒரு நூல் மெல்லிசாகச் சீவினால் போதும்.

சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்று வரும்போதுதான் பலர் இந்தக் கிழங்கைக் கைவிடுகிறார்கள். "இனிக்கிறதே, சோற்றோடு எப்படி?" அவித்து, தாளித்து, தேங்காய்ப்பூ தூவும் பொரியல் எனக்கும் பிடிக்காது. குழைந்து, இனிப்புமேல் இனிப்பாகப் போகிறது. அதைவிட வறுவல் பல படி மேல். பச்சைக் கிழங்கைச் சின்னச் சதுரமாக நறுக்கி, வெட்டினதும் கசியும் பால் கருக்காமலிருக்கத் தண்ணீரில் போட்டு வடித்து, சோம்பு, பூண்டு, மிளகாய்த்தூள், உப்போடு இரும்புச் சட்டியில் ஐந்து நிமிடம் மூடி, பிறகு திறந்தே முறுகவிட வேண்டும். இறக்கும்போது மிளகுத்தூளும் அரை மூடி எலுமிச்சையும். ரசஞ்சோற்றுக்கு இதைப்போல ஒன்று இல்லை.

வறுவலுக்குச் சரிக்குச் சரியாக நிற்பது புளிக்குழம்பு. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கிழங்கைத் தனியாக அவித்துக் குழம்பில் போட்டால் கரைந்துவிடும். பச்சையாகவே புளிக்கரைசலில் போட்டுக் கொதிக்கவிட்டால், கிழங்கு சீக்கிரம் குழையாமல் அந்தப் புளிப்பு பிடித்துக்கொள்ளும், துண்டு துண்டாகவே நிற்கும். வெல்லம் போட வேண்டிய அவசியமும் இல்லை. நேரம் கொஞ்சம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

சந்தையில் இப்போது ஆரஞ்சு நிறச் சதை உள்ள கிழங்கும் தென்படுகிறது. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட 'பூ சோனா' அந்த வகைதான். இதன் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின் உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. ஆப்பிரிக்காவில் இந்த ஆரஞ்சுக் கிழங்கைப் பரப்பியவர்களுக்கு 2016ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு கிடைத்தது. சிறு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம். கூடவே தேங்காயோ நெய்யோ கொஞ்சம் சேர வேண்டும், கொழுப்பு இருந்தால்தான் கரோட்டின் உடம்பில் சேரும். ஆனால் இது பொதுவாக ஈரப்பதம் கூடியது. வறுவலுக்கும் பஜ்ஜிக்கும் வெள்ளைச் சதைக் கிழங்கே கெட்டியாக நிற்கும். ஆரஞ்சை அவித்து மசித்து, தேங்காய்ப்பூ, ஏலக்காய், கொஞ்சம் வெல்லம் சேர்த்துப் போளிப் பூரணமாக்குங்கள்.

எதைச் செய்வதானாலும் கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிர் தாக்கினால் நடுப்பகுதி எவ்வளவு அவித்தாலும் விறைப்பாகவே நிற்கும். காற்றோட்டமான கூடை போதும். வாங்கும்போது கருப்புத் துளை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். கூன்வண்டு குடைந்த கிழங்கு, அந்த இடத்தை வெட்டி எறிந்தாலும் கசக்கும். அதைக் குப்பையில் போடத் தயங்க வேண்டாம்.