மலைக்கு பழைய டீசல் வண்டி: ஸ்விஃப்டா, பொலேரோவா?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பழைய டீசல் வண்டி தேடுறவங்க நிறைய பேர் கடைசியா இந்த ரெண்டுலதான் வந்து நிக்கிறாங்க, ஸ்விஃப்ட் டீசல், இல்லன்னா பழைய 2.5 லிட்டர் பொலேரோ.

ஸ்விஃப்ட்ல இருக்கறது ஃபியட்டோட 1.3 மல்டிஜெட் டீசல் இன்ஜின், 1248 சிசி, மைலேஜ் அருமை, ஆனா இன்ஜின் 2000 ஆர்பிஎம்முக்கு கீழ சுத்தும்போது டர்போ (இன்ஜினுக்குள்ள கூடுதலா காத்த தள்ளி இழுவைய கூட்டுற பாகம்) சரியா வேலை செய்யாது, அதனால கொண்டை ஊசி வளைவுல கிளட்ச்ச பாதி மிதிச்சே ஓட்டுவாங்க, மலையிலயே ஓடின வண்டின்னா கிளட்ச் கண்டிப்பா பாருங்க. அதவிட முக்கியம் டைமிங் செயின், அதாவது வால்வுகள சரியான நேரத்துல திறந்து மூட வைக்கிற இன்ஜின் உள் சங்கிலி. ஆயில் நேரத்துக்கு மாத்தலன்னா செயின் தளர்ந்துடும், பல்லு தாண்டிச்சுன்னா வால்வு, பிஸ்டன் வரைக்கும் அடி. ஊட்டி குளிர்ல காலையில ஸ்டார்ட் பண்ண சொல்லுங்க, ஓனர் முன்னாடியே சூடு பண்ணி வெச்சிருந்தா (பானெட்ட தொட்டாலே தெரியும்) ஆறுற வரைக்கும் காத்திருங்க. கடகடன்னு செயின் சத்தம் நிக்கவே இல்லன்னா அந்த வண்டி வேண்டாம்.

பொலேரோ 2523 சிசி, ஆரம்பத்துல இருந்தே இழுக்கும், எஸ்டேட் ரோட்டுக்கு அதான் சரி, நம்ம ஊரு மெக்கானிக்குங்களுக்கும் பழகின இன்ஜின். சத்தம் ஜாஸ்திதான். வண்டிய நிறுத்தி இன்ஜின் சும்மா ஓடும்போது ஆயில் மூடிய தொறந்து புகை பீச்சி அடிக்குதான்னு பாருங்க, அடிச்சா இன்ஜின் உள்ள தேஞ்சிருக்குன்னு அர்த்தம், சைலன்சர்ல நீலப் புகைன்னா ஆயில் எரியுது, பிஸ்டன் ரிங்கோ டர்போவோ தேஞ்சிருக்கும்.

மலையிலயே ஓட்டப் போறீங்கன்னா என் ஓட்டு பொலேரோவுக்குத்தான், கோயம்புத்தூர் அடிக்கடி இறங்குறவங்க ஸ்விஃப்ட் பாக்கலாம், ஆனா மாருதி 2020 ஏப்ரல்லோட டீசல நிறுத்திடுச்சு, அதனால எல்லாமே வயசான வண்டிதான், சர்வீஸ் பில் பாக்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.