பி25 டைட்டானியம் பொடி: சாயத்தண்ணீருக்குத் தாங்குமா?

எவோனிக்கின் ஏரோக்சைடு பி25, டெகுசா பி25 என்று பழகிய அதே வெள்ளைப் பொடி. டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் படிக வடிவங்களில் சுமார் 80 சதவீதம் அனடேஸ், மீதி பெரும்பாலும் ரூட்டைல். துகள் 21 நானோமீட்டர், கிராமுக்கு ஏறக்குறைய 50 சதுர மீட்டர் பரப்பு. ஒளி பட்டால் தண்ணீரில் உள்ள சாயத்தைச் சிதைக்கும் இத்தகைய பொருள்களுக்கு ஒளி வினையூக்கி என்று பெயர்; புதிதாக வருபவற்றை இதோடுதான் ஒப்பிடுகிறார்கள். ஆய்வகத்தில் அந்த மரியாதைக்குத் தகுதியானதுதான்.

சோதிக்க, லிட்டருக்கு 10 மில்லிகிராம் மெத்திலீன் நீலச் சாயம் கரைத்த தண்ணீரில் லிட்டருக்கு அரை கிராம் பொடி போதும். முதல் 30 நிமிடம் இருட்டில் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் துகளில் ஒட்டிய சாயமும் சிதைந்த கணக்கில் சேரும். பிறகு 365 நானோமீட்டர் விளக்கு. 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றித் துகளை நீக்கி, 664 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து மிஞ்சிய சாயத்தைக் கணிக்கலாம். துகள் மிஞ்சினால் ஒளியைச் சிதறடித்து, போன சாயமும் இருப்பதுபோலக் காட்டும். பொடியை அள்ளிப் போட்டாலும் பயனில்லை: ஒரு கட்டத்துக்கு மேல் பொடியே ஒளியை மறைத்துவிடும். நிறம் போனதும் கொண்டாட வேண்டாம். அசோ சாயத்தில் நைட்ரஜன் பிணைப்பு அறுந்தாலே நிறம் போய்விடும், வளையத் துண்டுகள் தண்ணீரிலேயே கிடக்கும். சிஓடி (கழிவை ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன் அளவு), டிஓசி (தண்ணீரிலுள்ள மொத்த கரிமக் கார்பன்) பார்க்காத முடிவு பாதி முடிவு.

திருப்பூர் சாயப்பட்டறைத் தண்ணீரில் கதை வேறு. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும் தொட்டியில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு, கூடவே சோடா, பிஎச் 10.5க்கு மேல். பொடியின் மேற்பரப்பு பிஎச் 6.5 வாக்கில் மின்சுமை மாறும். அதற்கு மேல் எதிர்மின், ரியாக்டிவ் சாயமும் எதிர்மின், இரண்டும் ஒட்டாது. ஒளி பட்ட பொடியில் உருவாகிச் சாயத்தைச் சிதைக்க வேண்டிய வீரியமான ஹைட்ராக்சில் ரேடிக்கலை, சோடாவிலிருந்து வரும் கார்பனேட் விழுங்கிவிடும். அமிலம் ஊற்றிப் பிஎச்சை இறக்கலாம். சோடா நுரைத்துப் பொங்கும், டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) இன்னும் ஏறும். கழிவுநீர் வெளியே போகவே கூடாது என்ற 2011 உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அங்கே உப்பைப் பிரிக்கும் ஆர்ஓவும், மிச்ச நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் இல்லாமல் ஆலை ஓடாது. இந்தப் பொடியோ ஒரு கிராம் உப்பைக்கூட எடுக்காது.

வெயிலை நம்பியும் பெரிதாகக் கணக்குப் போட முடியாது. அனடேஸுக்கு 387 நானோமீட்டருக்குக் கீழான ஒளி வேண்டும், சூரிய ஒளியில் புறஊதா சுமார் 5 சதவீதம்தான்.

பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், உயிரியல் சுத்திகரிப்பு முடிந்து லேசான நிறம் மட்டும் மிஞ்சும் இடத்தில் வைக்கலாம். பொடி தானாக அடியில் படியாது, பால்போல மிதக்கும்; அல்ட்ராஃபில்ட்ரேஷன் என்ற நுண்துளை வடிகட்டல் இல்லாமல் விட்டால் ஆர்ஓ மெம்பரேனில் போய்ப் படியும். கண்ணாடியில் பூசினால் பிரிக்கும் வேலை மிச்சம், ஆனால் பரப்பு குறைந்து வேகம் சரியும், பூச்சும் நாளடைவில் உரியும். பையைப் பிரிக்கும்போது புகைபோலப் பறக்கும், முகமூடி கட்டாயம்.