சாயம் இறங்கும் சுங்குடி: சில கோடைகள் கட்டிப் பார்த்த பிறகு

கோடையில் வெளியூர் கிளம்பினால் எனக்குச் சுங்குடிச் சேலைதான். துணியில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கிப் புள்ளி வரவைக்கிற மதுரைப் பருத்திச் சேலை அது. ஜீன்ஸ், ரேயான் குர்தா, லினன் சட்டை எல்லாம் அலமாரியில் இருக்கின்றன. ஆனால் பங்குனி பிறந்து வெயில் ஏற ஆரம்பித்தால் கை தானாக அந்த அரக்குச் சுங்குடிக்குத்தான் போகும். போன வாரம் தோழி ஒருத்தி தள்ளுபடி விலையில் ஒரு சேலைப் படம் அனுப்பி, "உன்னோடது மாதிரியே அரக்குடி, எடுத்துடவா? சாயம் போகுமா?" என்று கேட்டாள். இரண்டாவது கேள்வி இருக்கிறதே, அதற்குத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

புள்ளிகளை அச்சடித்த சேலையும் இப்போது சுங்குடி என்ற பெயரில் வருகிறது. நான் சொல்வது கையால் முடிச்சுப் போட்ட சுங்குடியைப் பற்றி. அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை, மெல்லிய ஜரிகைக் கோடு. மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் எடுத்தது. மெஷினில் போட்டதே இல்லை, எப்போதும் கைத்துவையல்தான்.

முதலில் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சேலை காய்கிற வேகம் நான் எதிர்பார்க்காதது. இரவு லாட்ஜ் பக்கெட்டில் அலசி, பால்கனிக் கொடியில் விரித்துப் போட்டால் விடியும்போது எடுத்துக் கட்டிக்கொள்ளலாம். மூன்று நான்கு நாள் பயணத்துக்கு இரண்டு சேலை போதும் என்று இதைக் கட்ட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. பை பாதியாகிவிட்டது. மடித்தால் கையகலம்தான், ஜீன்ஸ் அடைக்கிற இடத்தில் இரண்டு சேலை வைக்கலாம். இஸ்திரி இல்லாமலும் ஒப்பேறும். கஞ்சி போட்டு மொறமொறப்பாகக் கட்டினால் தனி அழகுதான், ஆனால் பயணத்துக்குக் கஞ்சி வேண்டாம். கஞ்சி போட்ட துணி காற்றை அடைக்கும், வியர்த்தால் ஒட்டும்.

தாராசுரம் கோயிலுக்கு அக்னி நட்சத்திரத்தில் போயிருக்கிறேன். பத்து மணிக்கே கல் தரையில் கால் வைக்க முடியவில்லை, தூண் நிழலுக்குத் தூண் நிழல் ஓடித்தான் சுற்றினோம். கூட வந்த தோழி பாலியஸ்டர் கலந்த குர்தா போட்டிருந்தாள். முதுகு முழுக்க ஈரம், அது காயவும் இல்லை. எனக்கும் வியர்த்தது, வியர்க்காமல் இருக்க இது என்ன மந்திரமா? ஆனால் பருத்தி வியர்வையை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடுகிறது. மண்டபத்துக்குள் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் ரவிக்கை ஈரமாகவே இருந்தது, சேலை காய்ந்துவிட்டது. அன்று எடுத்த படங்களைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். சோழர் காலத்துக் கல்லின் பழுப்பு நிறத்துக்கு முன்னால் அரக்கு நிறம் எவ்வளவு எடுப்பாக இருக்கிறது! கேமராவில் எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

தனுஷ்கோடிக்கும் இதே சேலைதான். அரிச்சல்முனையில் காற்று ஆளையே தள்ளும். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, தோளில் ஓர் ஊக்குக் குத்தினால் போதும், கவலையில்லை. 1964 புயலுக்குப் பிறகு கூரையில்லாமல் நிற்கிற தேவாலயத்துச் சுவரோரம் மீன் விற்கும் அக்கா ஒருவர், கரையை விரலால் நிரடிப் பார்த்துவிட்டு, "மதுரைச் சேலையா? எங்கம்மா கட்டும்" என்றார். என் துணியை முன்வைத்து வெளியூரில் இப்படி ஆரம்பித்த பேச்சுகள் நிறைய. ஜீன்ஸ் போட்டுப் போன ஊர்களில் யாரும் வந்து என் துணியைத் தொட்டுப் பார்த்ததில்லை.

அப்புறம் அந்தப் புள்ளிகள். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். சேலையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கிட்டத்தில் பாருங்கள். கைமுடிச்சுப் புள்ளி வெறும் வெள்ளைப் பொட்டு அல்ல. வெள்ளையாக ஒரு சின்ன வளையம், அதன் நடுவில் ஊசிமுனை அளவுக்கு அரக்கு நிறம். துணியை நகத்தால் துளி தூக்கி, அந்த முனைக்குக் கீழே நூலைச் சுற்றி இறுக்குவதால் வருவது அது. நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது, மேலே நீட்டிக்கொண்டிருக்கிற முனையில் மட்டும் ஏறும். சாயத்தில் முக்கிக் காயவைத்து நூலைப் பிரித்தால் வளையம். ஒவ்வொரு வளையமும் கொஞ்சம் கோணல், ஒன்று போல இன்னொன்று இருக்காது. தடவினால் விரலில் சின்னச் சின்ன மேடாகத் தட்டுப்படும், பல தடவை துவைத்தாலும் அந்த நெளிவு முழுதாகப் போவதில்லை. அச்சுச் சுங்குடியில் புள்ளி அச்சடித்தாற்போல் ஒரே அளவில் இருக்கும், தடவினால் வழவழவென்று போகும். பல அச்சுச் சேலைகளில் பின்பக்கம் வெளிறியும் இருக்கும். கடையில் "ஒரிஜினல்" என்று எதைக் காட்டினாலும் இந்த மூன்றையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். போடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், வீட்டு வேலையின் நடுவே திண்ணையிலும் நடையிலும் உட்கார்ந்து போடுகிறவர்கள். நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறிய சௌராஷ்டிரச் சமூகம் வளர்த்த தொழில் இது. மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் இன்று சந்தையில் சுங்குடி என்ற பெயரில் குவிந்து கிடப்பதில் பெரும்பங்கு அச்சுதான். முடிச்சுப் போட உட்காரும் கைகள் குறைந்துவிட்டன. ஒரு சேலைக்கு நாட்கணக்கில் உட்கார்ந்து சொற்பக் கூலி வாங்குவதைவிட வேறு வேலைக்குப் போகலாம் என்று அடுத்த தலைமுறை நினைத்தால் அதில் என்ன தப்பு?

இவ்வளவு அருமையான சேலையைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஏன் கோபம் வருகிறது என்றால், சாயம்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று போயிருக்கிறீர்களா? வேண்டுதல்காரர்கள் தோல்பையில் தண்ணீர் நிரப்பி அழகர் மேல் பீய்ச்சுவார்கள். கூட்டத்தில் நிற்கிற எல்லோர் மேலும் அது தெறிக்கும், அந்த வெயிலில் அதைவிடச் சுகம் கிடையாது. என் மேலும் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் என் சந்தன நிற உள்பாவாடை ரோஸ். கால் விரலிடுக்கில் அரக்கு. பக்கத்தில் நின்ற பெரியம்மாவின் வெள்ளைத் துண்டில் என் முந்தானை பட்ட இடத்தில் ஒரு திட்டு. அவர் நல்ல மனுஷி, "சாமி தண்ணிதானே, போகட்டும் விடு தாயி" என்றார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அது புதுச் சேலையும் இல்லை. அதற்கு முன்பே பல தடவை தனியாக அலசிய சேலை.

கடையில் போய்க் கேட்டேன். "உப்புத் தண்ணியில ஊறப்போடுங்கம்மா, நின்னுடும்" என்றார் கடைக்காரர். வீட்டில் அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு ஆச்சி என்று எல்லோரும் சொல்வதும் இதுதான். ஊறப்போட்டேன். உப்புத் தண்ணீரில் கொஞ்சம் அடங்கியது, அடுத்த நல்ல தண்ணீரில் திரும்பவும் சிவந்தது. சாயத்தொட்டியில் உப்புப் போடுவது, தண்ணீரில் கரைந்திருக்கும் சாயம் நூலுக்குள் போவதற்காக. நூலில் பிடிக்காமல் மேலே தங்கிவிட்ட சாயத்தை வீட்டு உப்பு ஒட்டவைக்காது. அந்த உபரிச் சாயம் போக வேண்டுமென்றால், சாயமிட்ட கையோடு சேலையைப் பல தண்ணீர் மாற்றி அலச வேண்டும். இப்போது பரவலாக இருக்கிற பருத்திச் சாயங்களுக்கு நல்ல சூடான சோப்புத் தண்ணீரிலும் ஒரு அலசல் வேண்டும். அடர்ந்த சிவப்பு, அரக்கு, கருநீலம் என்றால் இன்னும் கூடுதலாகவே அலச வேண்டும். அந்தக் கடைசி அலசலைச் சாயப் பட்டறையில் சுருக்கிக்கொண்டு மிச்சத்தை நம் வீட்டுக் குளியலறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். என் வருத்தம் முழுக்க அந்த அலசலைப் பற்றித்தான்.

பட்டறை பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. அலசத் தண்ணீர் வேண்டும். வைகையில் வருஷத்தில் பல மாதம் மணல்தான் தெரிகிறது. லாரித் தண்ணீர் வாங்க வேண்டும், சுட வைக்க எரிபொருள் வேண்டும், அலசிய சாயத் தண்ணீரைச் சும்மா சாக்கடையில் விடவும் கூடாது, அதைச் சுத்திகரிக்கத் தனிச் செலவு. இதையெல்லாம் விலையில் சேர்த்தால், அச்சுச் சேலை எழுநூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது இதை யார் வாங்குவார்கள் என்பது அவர்கள் கேள்வி. சரி. நான் வாங்குவேன். இருநூறு முந்நூறு ரூபாய் கூட வாங்கிக்கொண்டு "இது முழுக்க அலசிய சேலை" என்று ஒரு சீட்டு ஒட்டிக் கொடுங்கள், மறுபேச்சில்லாமல் கொடுக்கிறேன். என்னைப் போலக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

உள்பாவாடை ரோஸ் ஆனது பெரிய விஷயமில்லை. இடுப்பில் நாடா பதிந்த இடத்தில் வியர்வையோடு சேர்ந்து அரக்குக் கோடு விழுவதும் குளித்தால் போய்விடும். பொறுக்க முடியாதது வேறு. இறங்குகிற சாயம் அந்த வெள்ளை வளையங்களுக்குள்ளேயே போய் உட்காருகிறது. என் சேலையில் கொசுவம் வருகிற பகுதியில் இப்போது பாதிப் புள்ளிகள் வெளிர் ரோஸ். ஈரத்தோடு மடங்கி இருந்த இடமெல்லாம் அப்படித்தான் ஆகியிருக்கிறது. யாரோ ஒரு பெண் குனிந்து உட்கார்ந்து நகம் தேயத் தேயப் போட்ட முடிச்சு அது. அந்த வெள்ளை அவர் உழைப்பு. அதைக் காப்பாற்றக் கடைசியில் நாலு தண்ணீர் கூட அலச ஆளில்லை என்றால் அது எனக்குச் செய்த குறை மட்டுமில்லை, அவருக்குச் செய்த குறையும்தான்.

அனுபவத்தில் கண்ட சில விஷயங்களைச் சொல்கிறேன். அரக்குச் சுங்குடியை ஊறவைக்கவே கூடாது. முக்கி, அலசி, உடனே எடுக்க வேண்டும். பிழிந்து உருட்டி வைக்கக் கூடாது, புள்ளி கெடுவது அந்த நேரத்தில்தான். ஒரு மடிப்பு மேல் இன்னொரு மடிப்பு படாமல் நிழலில் நன்றாக விரித்துக் காயப்போட வேண்டும். வெந்நீர் ஆகாது. உள்பாவாடை அதே நிறத்தில் இருப்பது நல்லது. மழைக்கு, அருவிக்கு, ஆற்றுக்கு வேண்டவே வேண்டாம். குற்றாலத்துக்குப் போகும்போது நான் இதை எடுத்துப் போவதில்லை.

இதற்கு மாற்றாகக் கண்டாங்கி கட்டிப் பார்த்தேன். காரைக்குடிப் பக்கத்துச் சேலை, அதுவும் 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. நிறம் கெட்டியாக நிற்கிறது, எத்தனை தரம் துவைத்தாலும் அந்தக் கட்டம் கட்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் கனம். நாள் முழுக்க நடக்கிற பயணத்தில் மாலைக்குள் இடுப்பு சொல்லிவிடும், ஈரமானால் காயவும் நேரம் பிடிக்கிறது. வீட்டு விசேஷத்துக்கு நல்ல சேலை. வைகை எக்ஸ்பிரஸில் உட்கார்ந்து மதுரையிலிருந்து எழும்பூர் வர எனக்குச் சுங்குடிதான் சௌகரியம்.

இந்தச் சேலை என் கண்ணையும் மாற்றியிருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. முன்பெல்லாம் துணி எடுத்தால் கறுப்பு, சாம்பல், இல்லாவிட்டால் ஏதோ ஒரு நீலம். இப்போது அரக்குக்கு மஞ்சள், கத்தரிப்பூ நிறத்துக்குக் கிளிப்பச்சை, மயில் கழுத்துக்கு வெங்காயச் சருகு நிறம் என்றுதான் மனசு போகிறது. அம்மன் சன்னதித் தெருவில் பூக்கட்டுகிற அக்காக்கள் யோசிக்காமல் கட்டிக்கொண்டு வருகிற சேர்க்கைகள்தான் எல்லாம். என் அறைத் திரைச்சீலை, தலையணை உறை, அலுவலகப் பை வரை அந்த நிறங்கள் வந்துவிட்டன. நன்றாக உழைத்துக் கிழிந்த பழைய சுங்குடி ஒன்றைத் தையல்காரரிடம் கொடுத்து நீளப் பாவாடையாக்கிக்கொண்டேன். அதைத்தான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டுக்கொண்டு திரிகிறேன்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் தோழிக்கு நான் அனுப்பிய பதில், "அரக்கு எடுக்காதே" என்பதுதான். வெளிர் மஞ்சளோ பிஸ்தாப் பச்சையோ கைமுடிச்சில் கிடைத்தால் எடு, இறங்கினாலும் அதிகம் தெரியாது என்று சொன்னேன். தள்ளுபடி விலையில் வருகிற அடர் நிறத்தைத் தொடவே தொடாதே, அதற்கு அலசல் இன்னும் குறைவாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம், நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நானும் முழுக்க அலசிக் கொடுக்கிற ஒரு பட்டறை கண்ணில் படுகிறவரை அடர் நிறத்தில் இன்னொன்று எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அப்படிக் கொடுக்கிற இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், விலை என்னவானாலும் கேட்க மாட்டேன். எனக்கு அரக்குதான் வேண்டும்.